இருபத்தைந்து ஆண்டுகள் மறைந்திருந்த வழு

சொற்கள் முறை பிறழ்ந்து வருவதை வழு என்றும், பிறழினும் காரணம் பற்றி ஏற்கப்படுவதை வழுவமைதி என்றும் நம் இலக்கண நூலார் வகுத்தனர். கணினிச் செய்நிரல்களில் நேரும் பிழைக்கும் இன்று தமிழில் வழு என்றே பெயர் வழங்குகின்றது. அப்பெயரின் பொருத்தத்தை, 2014ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் கணினித் துறையினரை உறக்கமிழக்கச் செய்த 'ஷெல்ஷொக்' என்னும் வழுவின் வரலாறு நன்கு காட்டும். திருத்தியும் தீராது மீண்டும் மீண்டும் தலைகாட்டிய அவ்வழு எங்ஙனம் தோன்றிற்று, ஏன் முதல் மருந்துக்கு அடங்காது நின்றது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முனையத்தின் முன் அமர்ந்து ஒருவர் தட்டச்சிடும் கட்டளையை வாங்கி, அதன் பொருளை உணர்ந்து, கணினியைக் கொண்டு நிறைவேற்றுவிக்கும் செய்நிரலை 'ஷெல்' என்பர். உள்ளிருக்கும் கருவைச் சூழ்ந்து நிற்றலின் ஓடு என்னும் பொருளில் அப்பெயர் வந்தது. 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்ரீவன் போண் ஆக்கிய ஷெல் இடம்பெற்று நெடுங்காலம் ஆட்சி செலுத்திற்று. றிச்சாட் ஸ்ரோல்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்திற்கென, அதனையொத்ததும் யாவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்கதுமான ஒன்றைப் பிறையன் பொக்ஸ் எழுதினார். 1989 யூன் மாதத்தில் முதலில் வெளிவந்த அதற்குப் பாஷ் என்று பெயர். போண் என்னும் பெயரும் பிறந்த என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும் ஒலியால் ஒத்தலின், மறுபிறவி எடுத்த ஷெல் என்று பொருள்படுமாறு இட்ட பெயரின் சுருக்கம் அது. சிலேடையில் ஊறிய நமக்கு இவ்விளையாட்டுப் புதிதன்று.

ஒரு பாஷ் மற்றொரு பாஷைத் தொடக்கி வைக்கும்போது, முன்னதில் வகுத்த சார்புகளைப் பின்னதற்கும் வழங்கும் வசதி 1989 ஓகஸ்ற் மாதத்தில் சேர்க்கப்பட்டு, அடுத்த மாதம் 1.03ஆம் பதிப்பில் வெளிவந்தது. வழங்கும் முறை எளியது. சூழல் மாறிகள் எனப்படும் பெயர்–மதிப்பு இணைகளுள் ஒன்றாகச் சார்பின் வாசகம் முழுவதும் வைக்கப்படும். புதிய பாஷ் எழுந்தவுடன் ஒவ்வொரு மாறியையும் நோக்கும். மதிப்பானது ஓர் இணை பிறையடைப்புடனும் அடுத்து ஒரு நெளியடைப்புடனும் தொடங்குமாயின் அது சார்பெனக் கொண்டு, வாசகத்தைத் தன் பொருள்காண் பகுதியிடம் ஒப்படைக்கும். சார்பு முடிந்த இடத்தில் வாசிப்பும் முடிந்திருத்தல் வேண்டும், அங்ஙனம் முடியவில்லை. சார்பின் பின்னே ஒருவர் வேறொரு கட்டளையை எழுதி வைப்பின், பாஷ் அதனையும் அப்பொழுதே நிறைவேற்றிவிடும். வழு இவ்வளவே.

இதனைக் கொண்டு பொக்ஸைக் குறை கூறுதல் எளிது. ஆனால் அது நீதியாகாது. 1989இல் ஒருவருடைய சூழல் மாறிகளைப் பெரும்பாலும் அவரே அமைத்தார். தாமே எழுதியதைத் தம் பாஷ் நிறைவேற்றுவதால் எவருக்கு என்ன கேடு? 1993இல் தோன்றிய பொது நுழைவாயில் இடைமுகம் என்னும் ஏற்பாடே நிலைமையை மாற்றிற்று. இணையத்தள வழங்கியொன்று, தன்னை நாடி வருவோர் அனுப்பும் தகவல்களை, அவர்தம் உலாவியின் பெயர் உட்பட, சூழல் மாறிகளாக்கி ஒரு செய்நிரலுக்குக் கொடுக்கும் முறை அது. அச்செய்நிரல் பாஷில் எழுதப்பட்டதாயினும், இடையில் பாஷை அழைப்பதாயினும், உலகின் எம்மூலையிலிருந்தும் முன்பின் அறியாத ஒருவர் எழுதிய சொற்கள் பாஷின் காதில் விழலாயின. உலாவியின் பெயரிருக்கும் இடத்தில் ஒரு சார்பையும் அதன்பின் ஒரு கட்டளையையும் எழுதியனுப்புவார்க்கு வழங்கியின் கதவு திறந்தது. செய்நிரல் மாறவில்லை, அதனைச் சூழ்ந்த உலகு மாறிற்று. இதனைக் கால வழு என்றே கூறலாம்.

2014 செப்ரெம்பர் 12ஆந் திகதியளவில் இதனைக் கண்டறிந்தவர் ஸ்ரெபான் சசெலாஸ். அவர் அதனை வெளியிடாது, பாஷை நெடுங்காலமாகப் பேணிவரும் செற் றேமிக்கு அறிவித்தார். திருத்தம் ஆயத்தமாகிய பின்னர், 24ஆந் திகதி செய்தி வெளியாயிற்று. கேட்டின் கடுமை பத்துக்குப் பத்து என மதிப்பிடப்பட்டது. சில மணி நேரத்தில் தாக்குதல்களும் தொடங்கின.

முதல் திருத்தம், சார்பு முடிந்ததும் வாசிப்பை நிறுத்துமாறு பாஷுக்குக் கற்பித்தது. காரியம் முடிந்ததென்று பலர் எண்ணினர். அன்றே தவிஸ் ஓமண்டி என்னும் ஆய்வாளர் அதனையும் கடக்கும் வழியைக் காட்டினார். வேண்டுமென்றே இலக்கணம் பிறழ எழுதிய ஒரு சார்பைக் கொடுத்தால், பாஷ் பிழையென்று கூறி நின்றாலும், அரைகுறையாக வாசித்த எச்சம் உள்ளே தங்கி, அடுத்து வரும் கட்டளையுடன் ஒட்டிக்கொண்டது. 'டேற்' என்னும் சொல்லைத் திரையில் எழுதுக என்று 'எக்கோ' கட்டளையால் ஏவினால், எக்கோ என்ற பெயருடைய கோப்பொன்று உருவாகி, அதனுள் அன்றைய திகதி பதிவாகியிருந்தது! ஏவியது ஒன்று, நடந்தது வேறொன்று. 26ஆந் திகதி இரண்டாந் திருத்தம் வந்தது. பொருள்காண் பகுதியில் மேலும் ஓட்டைகள் தென்பட்டன. மைக்கல் சலெவ்ஸ்கி, தாறுமாறான உள்ளீடுகளை இயந்திரத்தாலேயே ஓயாது ஊட்டிப் பார்க்கும் முறையால் இன்னும் இரண்டைக் கண்டுபிடித்தார்.

ஒவ்வொரு திருத்தமும் தன்னளவிற் சரியானதே. ஆயினும் அவையாவும் வாசிப்பவனின் தடுமாற்றத்தைத் திருத்த முயன்றனவேயன்றி, அந்நியர் எழுதியதை அவன் ஏன் வாசிக்கின்றான் என்று கேட்கவில்லை. அக்கேள்வியைக் கேட்டவர் றெட் ஹற் நிறுவனத்தைச் சேர்ந்த புளோரியன் வைமர். மதிப்பின் தோற்றத்தைக் கண்டு சார்பென முடிவுசெய்யாது, மாறியின் பெயருக்கே முன்னும் பின்னும் தனி அடையாளம் இட்டு, அவ்வடையாளம் உடையதை மட்டுமே சார்பாக ஏற்க வேண்டும் என்பது அவர் வழி. வருவோர் அனுப்பும் தகவலின் மதிப்பை அவர்கள் விரும்பியவாறு எழுதலாம். அத்தகவல் எப்பெயருடைய மாறியில் வைக்கப்படும் என்பதை வழங்கியே தீர்மானிக்கின்றது. எனவே பெயரில் அடையாளம் வைத்தமையால் அந்நியர் கைக்கு அது எட்டாதாயிற்று. இவ்வழியைத் தழுவிய மூன்றாந் திருத்தம் செப்ரெம்பர் 27ஆந் திகதி வெளிவந்தது.

மூலவாசகம் யாவர்க்கும் திறந்திருப்பின் பிழைகள் விரைவில் வெளிப்படும் என்பது இத்துறையில் வழங்கும் ஒரு நம்பிக்கை. பாஷின் மூலவாசகம் கால் நூற்றாண்டு திறந்தே கிடந்தது. திறந்திருத்தல் வேறு, வாசிக்கப்படுதல் வேறு. நூலக அலுமாரியில் தூசி படிந்த நூல்களை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. எனினும், மூடிய மூலமாயிருப்பின் மூன்று நாள்களுள் பல நாட்டறிஞர் ஒருவர் திருத்தத்தை மற்றவர் சோதித்துத் தேற்றியிருத்தல் இயலாதென்பதையும் மறுத்தற்கில்லை.

சலெவ்ஸ்கி கண்ட ஓட்டைகள் ஒக்ரோபர் மாதத் தொடக்கத்திலேயே அடைக்கப்பட்டன. மூன்றாந் திருத்தத்தை முன்னரே இட்டிருந்தோர்க்கு அவற்றின் வழியாக வெளியிலிருந்து தீங்கு நேர இடமிருக்கவில்லை.