பூவில்லாமல் பூமணம்

வடநாட்டில் குடியேறிய நம் வீடுகளில் "நல்ல பூவே கிடைக்கலியே" என்ற அங்கலாய்ப்பை நான் அடிக்கடி கேட்கிறேன். 6-ஆம் நூற்றாண்டில் உஜ்ஜயினியின் வராகமிகிரர் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். அவருடைய பிருகத் சம்ஹிதையில் ‘கந்தயுக்தி’ என்று வாசனைக்கே ஓர் அத்தியாயம் உண்டு.

பத்திரி, துருஷ்கம், வாலம், தகரம் நான்கையும் சம அளவில் கலக்க வேண்டும். அதோடு கோஷ்டம் சேர்ந்தால் நீலோற்பல மணம்; சந்தனம் சேர்ந்தால் செண்பக மணம். பூ ஒன்றுகூட வேண்டாம்!

கணக்கும் போட்டிருக்கிறார். 16 சரக்குகளில் நான்கு நான்காக எடுக்க 1,820 வழி. பங்கை மாற்றினால் ஒவ்வொன்றிலும் 96 வாசனை. ஆக 1,74,720.

இன்று அதைத் திரும்பச் செய்ய முனைந்தால், சிக்கல் கைப்பக்குவத்தில் இல்லை, பெயரில்தான். துருஷ்கம் என்பதைச் சிலர் சிலாரசம் என்கிறார்கள், சிலர் குந்துருக்கம் என்கிறார்கள். பிசின் மாறினால் மணமே வேறு. சூத்திரம் ஏட்டில் பத்திரமாக இருந்தும் வாசனை கைக்கு எட்டாமல் நிற்பது இதனால்தான்.

கோஷ்டம், தகரம், சிலாரசம் எல்லாம் நம்மூர் நாட்டு மருந்துக் கடைப் பெயர்கள். சரக்கைப் பார்த்ததும் பெயர் சொல்லும் பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், அன்பர்களே, கேட்டு எழுதி வையுங்கள். பெயர் போச்சுன்னா மணமும் போச்சு.