கப்பலின் இறைச்சிப் பசியும் கலாபகோஸ் நிலமும்

கலாபகோஸ் தீவுகளை மனிதக் கை படாத இயற்கை என்று சுற்றுலாக் கையேடுகள் வருணிப்பதுண்டு. தீவுகளின் ஆவணங்களோ அவற்றைக் கப்பல்களின் உணவுக் கிடங்காகவே காட்டுகின்றன. மாலுமிகள் இங்கிருந்து ஆமையை எடுத்தார்கள், ஆட்டை விட்டுச் சென்றார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: நெடும்பயணத்தில் கெடாத இறைச்சி.

எக்வடோர் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 1,000 கி.மீ. தொலைவில், புவியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடத்தின் மீது நாஸ்கா தட்டு கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே உருவாகும் தீவுகள் தட்டோடு கிழக்கே நகர்வதால், மேற்கிலுள்ள பெர்னாண்டினாவும் இசபெலாவும் இளமையானவை. அங்கே எரிமலைகள் இன்றும் சீறுகின்றன. கிழக்கிலுள்ள எஸ்பானியோலா பல லட்சம் ஆண்டுகள் மூத்தது, தேய்ந்து தாழ்ந்தது. பெரிய தாவரவுண்ணிப் பாலூட்டி எதுவும் இவ்வளவு கடலைத் தாண்டி வந்து சேரவில்லை. மேய்ச்சல் வேலையைப் பேராமைகளே செய்தன.

பனாமா ஆயர் தோமாஸ் தெ பெர்லாங்கா 1535இல் காற்றின்றித் திசைமாறி இங்கே வந்தார். குடிநீர் கிடைக்காமல் தவித்ததையும் ஆமைகளைக் கண்டதையும் அரசருக்குக் கடிதமாக எழுதினார். அழிவின் வேகம் கூடியது திமிங்கில வேட்டைக் காலத்தில்தான். உணவும் நீரும் இல்லாமல் பல மாதங்கள் உயிரோடிருக்கும் ஆமையைக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிவைக்கலாம். சார்ல்ஸ் டவுன்சென்ட் 1925இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேட்டைக் கப்பல்களின் நாட்குறிப்புகளையே சான்றாகக் கொண்டது. அவர் பார்க்க முடிந்த சிறு பகுதியிலேயே, சில பத்தாண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் ஏற்றப்பட்டது தெரிந்தது. கொள்ளையடித்தவர்களின் கணக்கு ஆய்வாளர்களுக்கு மூலமாகிவிட்டது.

1835இல் வந்த டார்வினிடம், ஓட்டைப் பார்த்தே ஆமை எந்தத் தீவினது என்று தன்னால் சொல்ல முடியும் என்றார் அங்கிருந்த அதிகாரி நிக்கலஸ் லாசன். பீகிள் கப்பலும் ஆமைகளை ஏற்றிக்கொண்டது. வழியில் தின்றும் தீர்த்தது. பரிணாமத்தின் மிகத் தெளிவான சான்று சமையலறைக்குப் போனதை அறிவியல் வரலாறுகள் போகிறபோக்கில்தான் குறிப்பிடுகின்றன. புளோரியானா ஆமை அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இல்லாமல் போயிற்று.

ஆட்டின் கதை சத்தமில்லாமல் தொடங்கியது. 1813இல் அமெரிக்கப் போர்க்கப்பல் எஸ்ஸெக்ஸின் தலைவர் டேவிட் போர்ட்டர் சான்டியாகோ தீவில் மேயவிட்ட ஆடுகள் திரும்பவில்லை. அவரே அதைப் பதிவுசெய்திருக்கிறார். பிந்தா தீவில் 1959இல், தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், மீனவர்கள் விட்ட மூன்று ஆடுகள் சில ஆண்டுகளில் பல்லாயிரமாகப் பெருகின. ஆடு புல்லோடு நிற்பதில்லை. இசபெலாவின் அல்செடோ எரிமலை உச்சியில், வறண்ட பருவத்து மூடுபனியை மரங்கள் இலையில் பிடித்துச் சொட்டவைக்கும். அந்தச் சொட்டுநீர்க் குட்டைகளே ஆமைகளுக்கு ஆதாரம். ஆடுகள் மரங்களை அழித்தபோது குட்டைகளும் வற்றின. சட்டம் வேட்டையைத் தடுத்தது. இந்தத் தாகத்தைத் தடுக்க அதனால் முடியவில்லை.

ஆகவே, பாதுகாப்பு இங்கே துப்பாக்கியைக் கையிலெடுத்தது. 1997இல் தொடங்கிய இசபெலா திட்டத்தில் ஹெலிகாப்டரிலிருந்து ஆடுகளைச் சுட்டார்கள். பதுங்கிய மிச்சத்தைக் கண்டுபிடிக்க, வானொலிப் பட்டை பூட்டிய ‘யூதாஸ் ஆடுகளை’ அனுப்பினார்கள். ஆடு கூட்டத்தைத் தேடிப் போகும் விலங்கு, அதன் பின்னால் வேட்டைக்காரர் போவார். 2006இல் முடிந்தபோது சான்டியாகோவிலும் வட இசபெலாவிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் கொல்லப்பட்டிருந்தன. இதில் அறச்சிக்கல் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செடிகொடிகள் துளிர்த்ததை மறுப்பதற்கில்லை.

பிந்தாவில் துளிர்ப்பே சிக்கலானது. ஆடுகளை ஒழித்தபின் புதர்கள் மண்டின. மேய்ந்து திறப்பதற்கு ஆமை இல்லை. அத்தீவின் கடைசி ஆமையான ‘தனியன் ஜார்ஜ்’ 1972லேயே சான்டா குரூஸ் ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. 2012இல் வாரிசின்றி இறந்தது. அதற்கு ஈராண்டு முன்பே, 2010இல், கருத்தடை செய்யப்பட்ட 39 கலப்பின ஆமைகளைப் பிந்தாவில் இறக்கிவிட்டார்கள். அவை இனம் பெருக்க அனுப்பப்படவில்லை, மேய அனுப்பப்பட்டன.