கல் பொறுக்கிய கூட்டாளிகள்

பொழுதுபோக்கு என்றதும் நம் தலைமுறைக்கு ஞாபகம் வருவது தபால்தலை, தீப்பெட்டிப் படம், பழைய காலணா நாணயம். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அதுதான் கல் பொறுக்குவது. ஆடு மேய்க்கப் போன இடத்தில், கிணறு வெட்டிய மண்ணில், மழை பெய்து அறுத்துவிட்ட ஓடைக்கரையில் நத்தை மாதிரி, சிப்பி மாதிரி, துப்பாக்கித் தோட்டா மாதிரி கல் கிடைக்கும். ஒருத்தன் எடுத்துக்கொண்டு வந்து காட்டினால் மறுநாள் நாலு பேர் சேர்ந்து போவார்கள். விடுதியில் இருந்த நம் நண்பர்கள் பலருக்கும் இது தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, வாடகை சைக்கிளில் காரைப் பக்கம் போய் வருவதென்றால் அது ஒரு தனி உற்சாகம்தான்.

அந்தக் கற்களில் பல இன்றும் நம் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. சில மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகின்றன. அவற்றின் வரலாறு, இந்த மலரைப் படிக்கிற பழைய மாணவர்களுக்கும் இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நம்ம ஊர் கடலாக இருந்த காலம்

இன்று மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற நம் மண்ணின் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. நிலவியலார் கிரிட்டேசியஸ் என்று சொல்லும் காலம் ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அதன் பிற்பகுதியில் இந்தப் பக்கம் முழுக்கக் கடல் புகுந்து, பின்வாங்கி, மறுபடி புகுந்து, அடுக்கடுக்காகக் களிமண்ணையும் மணலையும் சுண்ணாம்பையும் படியவிட்டது. அதில் வாழ்ந்த உயிர்கள் அந்த அடுக்குகளிலேயே புதைந்து கல்லாயின. சுருள் நத்தை போலிருப்பது அம்மோனைட். அது நத்தையே அல்ல, கணவாய் மீனுக்குச் சொந்தக்காரன். வீட்டுப் பூஜையில் வைக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமமும் அம்மோனைட்தான் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். தோட்டா போலிருப்பது பெலம்னைட், அதுவும் கணவாய்க் குடும்பத்துப் பிராணியின் உள் ஓடு. காரை ஊர்ப் பக்கத்துக் களிமண் மேடுகளில் இது ஏராளம்.

இரண்டு துரைமார்

இந்தக் கற்களை உலகம் அறியச் செய்த வேலை ஒரு பொழுதுபோக்காகத்தான் தொடங்கியது. சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த சி.டி. கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் 1840-களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல் சேர்த்தார்கள். இருவருக்கும் நிலவியல் உத்தியோகம் அல்ல. உத்தியோக நேரம் போக மிச்ச நேரத்தில் செய்தது. சேர்த்ததை லண்டன் நிலவியல் சங்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி அவற்றைப் பிரித்து, வரைந்து, பெயர் வைத்து 1846-இல் அறிக்கை வெளியிட்டார். "கே, கன்லிஃப் இருவரும் சேகரித்தவை" என்று அந்த அறிக்கையின் தலைப்பிலேயே இருவர் பெயரும் சேர்ந்து நிற்கிறது. கூட்டாகச் செய்த ஒரு பொழுதுபோக்குக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்?

அந்தக் காலத்துச் சென்னையில் இப்படிச் சேர்த்துப் பேசி மகிழ ஓர் இடமும் இருந்தது. அது சென்னை இலக்கியச் சங்கம். இலக்கியம் என்று பெயர் இருந்தாலும் கல், செடி, பூச்சி எல்லாம் அங்கே பேசப்பட்டன. அந்தச் சங்கத்திடம் சேர்ந்திருந்த 1,100 கல் மாதிரிகளை வைத்துத்தான் 1851-இல் சென்னை அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. இன்று நாம் எழும்பூரில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கும் மியூசியம் அதுவே.

இதில் ஒரு மனக்குறையும் உண்டு. காட்டிலும் மேட்டிலும் வழி காட்டியவர்கள், கூடை சுமந்தவர்கள், மாட்டுவண்டி ஓட்டியவர்கள் நம் ஊர்க்காரர்களாகத்தானே இருந்திருக்க வேண்டும்? எந்த நூலின் அட்டையிலும் அவர்கள் பெயர் இல்லை.

அரியலூர் என்ற பெயர் உலகம் சுற்றியது

அடுத்து வந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு. ஊர் ஊராக நடந்து, எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு என்று பார்த்து, 1862-இல் பெரிய அறிக்கை எழுதினார். பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். கீழே இருப்பது ஊட்டத்தூர்த் தொகுதி, நடுவில் திருச்சிராப்பள்ளித் தொகுதி, மேலே அரியலூர்த் தொகுதி. பாடாலூர் அருகில் இருக்கும் ஊட்டத்தூரும் நம்ம அரியலூரும் அன்று முதல் உலக நிலவியல் நூல்களில் இடம் பிடித்துவிட்டன. இதே பிளான்ஃபோர்டுதான் 1875-இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதற்கு முதல் தலைவரானார்.

அவரோடு சேர்ந்தும் அவருக்குப் பிறகும் உழைத்தவர் ஸ்டொலிச்கா. இன்றைய செக் நாட்டுப் பகுதியில் பிறந்து 1862-இல் கல்கத்தா வந்தவர். தென்னிந்தியாவின் இந்தக் கடல் உயிர்களைப் பற்றி 1873 வரை நான்கு பெருந்தொகுதிகள் வெளிவந்தன. பெரும்பகுதி அவர் எழுதியது. மறு வருஷமே, 1874-இல், மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலையில் இறந்துபோனார். வயது 36தான். லே நகரில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் நூல்களை இன்றும் நம் பக்கத்துக் கல்லை அடையாளம் காண ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள்.

ஒரு துண்டுச்சீட்டின் மதிப்பு

மாணவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் இது. புதுச்சேரிப் பக்கத்துப் பாறைகளை ஃபோர்ப்ஸ் இந்த மூன்று பகுதிகளிலும் பழமையானவை என்று நினைத்தார். பிளான்ஃபோர்டு, ஸ்டொலிச்கா காலத்தில் அவற்றின் ஒரு பகுதி ஊட்டத்தூர்த் தொகுதிக்குச் சமகாலம் என்று வைத்தார்கள். 1890-களில் வார்த் என்பவர் மறுபடி போய், எந்த அடுக்கில் எது கிடைத்தது என்று பிரித்துப் பிரித்துச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பை ஆஸ்திரிய நாட்டுக் கோஸ்மாத் ஆராய்ந்து, அவை அரியலூர்த் தொகுதியைச் சேர்ந்த இளையவை என்று காட்டினார். கல் என்னவோ அதே மாதிரிக் கல்தான். எங்கே, எந்த அடுக்கில் எடுத்தது என்ற குறிப்பு தெளிவாக இருந்ததால் ஐம்பது வருஷக் குழப்பம் தீர்ந்தது.

நம் நாட்டவர் பங்கும் பெரிது. நின்னியூர்ப் பாறைகளில் இருந்த கடற்பாசிகளின் தடயங்களைப் பற்றி எல். ராமராவ், ஆஸ்திரிய அறிஞர் யூலியஸ் பியாவோடு சேர்ந்து 1936-இல் எழுதினார். 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் சாத்தனூரில் கல்மரத்தை உலகுக்கு அறிவித்தார். 18 மீட்டர் நீளத்தில் கிடக்கிறதே, அதே மரம். கடலுக்கு அடித்து வரப்பட்டு மணலில் புதைந்து கல்லானது. கிருஷ்ணன் பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவராக ஆனவர். சாத்தனூர் இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னம்.

காணாமல் போன எலும்பும் காப்பாற்றப்பட்ட பல்லும்

அரியலூர் அருகே கல்லமேடு என்ற ஊர். அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளைப் பற்றி இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் கடைசியில் எழுதினார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள ஒரு எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். "பெரிய உடல்" என்ற பொருளில் பிருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஊன் தின்னும் டைனோசர் என்று கருதப்பட்டது. பிறகு அது நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி வகை என்று கருத்து மாறியது. உலகில் வாழ்ந்த மிகப் பெரிய தரை விலங்குகளில் ஒன்றாக அது இருக்கலாம்.

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. மழையும் ஈரமும் பட்ட களிமண்ணில் கிடந்த எலும்பு பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது என்று 2017-இல் எழுதப்பட்ட கட்டுரை சொல்கிறது. முதலில் வெளியான படங்களும் போதாதவை. அதனால் "இது எலும்பே இல்லை, கல்மரமாக இருக்கும்" என்றுகூட வெளிநாட்டில் சந்தேகப்பட்டார்கள். அந்தக் காலத்தில் எடுத்த பழைய புகைப்படங்கள் 2022-இல் அச்சான பிறகுதான் எலும்பு என்ற தரப்புக்குப் பலம் கூடியது. அத்தனை பெரிய விலங்குக்கு இன்று சாட்சி சில புகைப்படங்கள்தான்!

அதே கல்லமேட்டில் கிடைத்த இன்னொரு பொருள் ஒரு மிகச் சிறிய பல். ட்ரூடான்டிட் என்ற டைனோசர் வகையின் பல் அது என்று 2013-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதுவரை அந்த வகை வடக்குக் கண்டங்களில்தான் அறியப்பட்டிருந்தது. எடுத்த இடமும் அடுக்கும் குறிக்கப்பட்டு, பத்திரமாக வைக்கப்பட்ட அந்த ஒற்றைப் பல் உலகத்தின் கவனத்தையே நம் பக்கம் திருப்பியது. கல்லின் அளவை வைத்து அதன் மதிப்பைச் சொல்ல முடியாது என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

வீடும் சிப்பியும்

1939-இல் டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆலை வந்தது. 1953 கல்லக்குடிப் போராட்டம் என்று நாம் படித்ததும் அதே ஊர்தான். 1979-இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை தொடங்கியது. தனியார் ஆலைகளும் வரிசையாக வந்தன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பார்த்தால் கிரைஃபியா என்ற தடித்த சிப்பிகள் நெருக்கமாக இருக்கும். நண்பன் வீட்டுக்கு நாம் கலவை தூக்கிக் கொடுத்திருப்போம், பொங்கலுக்கு முன்னால் மாற்றி மாற்றி வெள்ளையடித்துக் கொடுத்திருப்போம். அந்தச் சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் இருந்தது கடல் உயிர்களின் ஓடு. ஆலைகளால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. நம்மிலேயே பலர் அங்கே வேலை பார்த்தவர்கள். சுரங்கம் தோண்டும்போதுதான் பல புதைபடிவங்கள் வெளியே தெரிகின்றன. தெரிந்த அன்றே அவை அரைபட்டும் போகின்றன. இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

இருவர் செய்ய வேண்டிய வீட்டு வேலை

நம் அலமாரியில் இருக்கும் கல்லுக்கு நாம் செய்யக்கூடியது ஒரு மத்தியான வேலை. தனியாகச் செய்தால் அலுப்பு, கூட்டாளியோடு செய்தால் பொழுது போவதே தெரியாது.

முதலில் களிமண் ஒட்டிய கல்லைச் சாதாரணத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதுவும் கூடாது, சுண்ணாம்பு ஓடு கரைந்துவிடும். வெடிப்பு விட்ட கல்லை ஊற வைக்கவே வேண்டாம், உலர்ந்த பிரஷ் போதும். காய்ந்த பிறகு கல்லின் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் ஒரு பொட்டு வெள்ளைப் பெயிண்ட் வைத்து, அதன்மேல் மையால் எண் போட வேண்டும். ஒருவர் கழுவினால் மற்றவர் நோட்டில் எழுதலாம். அதே எண், எடுத்த ஊர், ஓடையா வயலா கிணற்று மண்ணா, ஊரிலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம், எந்த வருஷம், கூட யார் இருந்தார்கள். "யாருடா எடுத்தது, எங்கேடா எடுத்தது" என்று பழைய நண்பனுக்கு ஒரு போன் போட்டால் மறந்ததும் ஞாபகம் வரும். பிறகு பழைய மிட்டாய் டப்பாவில் பஞ்சு வைத்து, துண்டுச்சீட்டோடு கல்லை வைத்துவிடலாம். அவ்வளவுதான் வேலை.

இப்போது படிக்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. சாத்தனூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடத்தில் ஒரு சில்லைக்கூட எடுக்காதீர்கள். சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள், உயிருக்கே ஆபத்து. மற்ற இடங்களிலும் கையில் செல்போன் இருக்கிறது, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, கிடந்த நிலையிலேயே படம் எடுத்து, இடத்தையும் குறித்துக்கொண்டால் பெரும்பாலும் அதுவே போதும். எலும்பு மாதிரித் தெரிந்தால் தொடவே வேண்டாம். கல்லமேட்டு எலும்புக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். நிலவியல் ஆசிரியரிடமோ நிலவியல் ஆய்வுத் துறையிடமோ உடனே சொல்லுங்கள். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு தரம் கூட்டாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பழைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாகி, 2007-இல் அரியலூர் மறுபடி தனியாகப் பிரிந்தது. நாம் படித்தபோது இருந்த ஓடை இன்று சுரங்கமாகவோ மனைக்கட்டாகவோ ஆகியிருக்கலாம். அந்த ஓடையில் என்ன கிடைத்தது என்று சொல்ல, உங்கள் அலமாரிக் கல்லும் உங்கள் ஞாபகமும் மட்டுமே மிச்சமாக இருக்கக்கூடும். நமக்குப் பிறகு நம் பிள்ளைகள் அதை வெறும் கல் என்று வாசலில் வீசிவிடுவதற்கு முன்னால், ஒரு சீட்டு எழுதி உள்ளே போட்டு வையுங்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது பழைய போட்டோ ஆல்பத்தோடு அந்த டப்பாவையும் கொண்டு வந்தால், நம் மாணவர்கள் அதை ஆசையாகப் பார்ப்பார்கள்.