காசோலைத் திகதியும் கணக்கு மீதியும்: போகத்துக்குப் போகம் வருமானம் காண்பவர்கள் அறிய வேண்டியவை

மட்டக்களப்பில் மாதச் சம்பளத்தில் வாழ்பவர்கள் ஒரு பகுதியினர்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெரும்போக நெல் விற்ற காசு மாசி, பங்குனியில் ஒருமுறை கைக்கு வரும். தண்ணீர் கிடைத்துச் சிறுபோகமும் செய்தவருக்கு ஆவணியை ஒட்டி இன்னொரு முறை வரும். மாரி மழை பிடித்துவிட்டால் மீன், இறால், நண்டை நம்பியிருக்கும் குடும்பங்களுக்குக் கை சுருங்கிவிடும். இவர்களிடம் விற்றுப் பிழைக்கும் கடைக்காரரின் வரவும் அதே போக்கில்தான் ஏறி இறங்கும்.

ஆனால் உழவு இயந்திரத்தின் லீசிங் தவணையும், மொத்த வியாபாரிக்கு எழுதிக்கொடுத்த காசோலையும், காப்புறுதிக் கட்டணமும் போகம் பார்த்து வருவதில்லை. அவை நாட்காட்டித் திகதியில் வந்து நிற்கும். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வரவு செலவைவிடக் கூடுதலாக இருக்கும் ஒருவருக்கே நடுவில் இரண்டு நாள் கணக்கில் காசில்லாமல் போய்க் காசோலை திரும்பிவிடுகிறது. இத்தகைய திரும்பல்களில் பலவற்றைத் திகதிகளைச் சரியாக ஒழுங்குபடுத்துவதன் மூலமே தவிர்க்கலாம்.

இருவகைக் கணக்கு, இருவகை ஆபத்து

சாதாரண சேமிப்புக் கணக்கில் மீதிக்கு மேல் எடுக்க முடியாது. தவணைத் திகதியில் காசு இல்லையென்றால் நீங்கள் கொடுத்த நிலையியற் கட்டளை நிறைவேறாது. வங்கிக்கு நீங்கள் கடன்படமாட்டீர்கள், ஆனால் தவணையைப் பெற வேண்டிய நிறுவனம் தாமதக் கட்டணம் போடும்.

நடைமுறைக் கணக்கின் நிலை வேறு. காசோலை வரும்போது போதிய மீதி இல்லையென்றால் வங்கி இரண்டில் ஒன்றைச் செய்யும். மேலதிகப்பற்றாக அனுமதித்துக் காசைக் கொடுக்கும், அல்லது காசோலையைத் திருப்பி அனுப்பும். முன்கூட்டியே மேலதிகப்பற்று வசதி பெறாதவரின் காசோலையை ஏற்க வேண்டிய கடமை வங்கிக்கு இல்லை.

காசோலை எப்போது காசாகிறது?

முன்பு மட்டக்களப்பில் வைப்பிலிட்ட வெளியூர்க் காசோலை கொழும்புக்குப் போய்த் தேறி வரப் பல நாட்கள் எடுத்தது. 'இன்று எழுதிக் கொடுப்போம், அது வந்து சேர்வதற்குள் காசைப் போட்டுவிடலாம்' என்ற பழக்கம் அந்தக் காலத்தது. 2006ஆம் ஆண்டில் லங்கா கிளியர் நிறுவனம் (இப்போது லங்காபே) காசோலையின் படத்தை மின்னணு முறையில் அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அதன் பிறகு நாட்டின் எந்த மூலையில் போட்ட காசோலையும் அடுத்த வேலைநாளில் தேறிவிடுகிறது. அந்தப் பல நாள் இடைவெளி இப்போது இல்லை. பழக்கம் மட்டும் சிலரிடம் எஞ்சியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். செங்கலடியில் ஒரு கடைக்காரர் தன் விநியோகத்தருக்குத் திங்கட்கிழமைத் திகதியிட்டு 120,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்திருக்கிறார். கணக்கில் 45,000 ரூபாய் இருக்கிறது. அதே திங்கட்கிழமை, வாடிக்கையாளர் தந்த 90,000 ரூபாய்க் காசோலையை அவர் வைப்பிலிடுகிறார். கைபேசியில் பார்த்தால் மீதி 135,000 ரூபாய் என்று காட்டக்கூடும். ஆனால் அதில் 90,000 ரூபாய் இன்னும் தேறாத தொகை. எடுக்கக்கூடிய மீதி 45,000 ரூபாய் மட்டுமே. விநியோகத்தரும் திங்கட்கிழமையே வேறொரு வங்கியில் தன் காசோலையைப் போட்டால், அது செவ்வாய் காலையில் கடைக்காரரின் வங்கிக்கு வந்துவிடும். 90,000 ரூபாய் அந்நேரம் தேறியிருக்காது. காசோலை திரும்ப வாய்ப்புண்டு.

அவர் வாடிக்கையாளரின் காசோலையை வெள்ளிக்கிழமையே போட்டிருந்தால் அது திங்கட்கிழமை தேறியிருக்கும். விநியோகத்தரின் கணக்கும் அதே வங்கியில் இருந்தால் இன்னும் ஒரு நாள் முந்த வேண்டும். ஒரே வங்கிக்குள் காசோலை அன்றைக்கே கழிக்கப்படுமென்பதால் வியாழக்கிழமையே வைப்பிலிடுவதுதான் பாதுகாப்பு.

சனி, ஞாயிறு, பௌர்ணமி, ஏனைய வங்கி விடுமுறைகள் வேலைநாட்களாகக் கணக்கிடப்படமாட்டா. வெள்ளிக்கிழமை போட்ட காசோலை, திங்கள் பௌர்ணமியானால், செவ்வாய்தான் தேறும். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் இந்த இடைவெளி மேலும் நீளும்.

அவசரத்துக்கு வேறு வழியும் உண்டு. 2015இல் நடைமுறைக்கு வந்த வங்கிகளுக்கிடையிலான உடனடிப் பணமாற்று முறையில் இரவு, விடுமுறை நாள் என்று பாராமல் சில நொடிகளில் காசு சேர்ந்துவிடும். உங்களுக்குத் தர வேண்டியவர் காசோலைக்குப் பதிலாக இப்படி அனுப்பினால் தேறும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

திரும்பினால் எவ்வளவு?

மேலதிகப்பற்றுக்கான வட்டி நாட்கணக்கில் கணிக்கப்படுகிறது. ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என்று எடுத்துக்கொண்டால், 60,000 ரூபாய் 5 நாட்களுக்கு மேலதிகப்பற்றாக இருந்தால் வட்டி ஏறத்தாழ 197 ரூபாய். சில நாட்களுக்கு இது பெரிய சுமையாகத் தெரியாது. மாதக்கணக்கில் அதிலேயே நிற்கத் தொடங்கினால்தான் வட்டி கழுத்தை நெரிக்கும். வீதமும் நிலையாக இருப்பதில்லை. 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது.

காசோலை திரும்பினால் விளைவு இதைவிடக் கடுமையானது. வங்கி கட்டணம் அறவிடும். திரும்பிய காசோலை பற்றிய விபரம் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் பதிவாகும். 'கிறிப்' என்று நாம் சொல்வது இதைத்தான். அடுத்த பயிர்க்கடனுக்கோ லீசிங்குக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தப் பதிவு எதிரே வந்து நிற்கும்.

சட்டமும் இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, கணக்கில் போதிய பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது குற்றம். நியாயமான காரணமின்றிக் கொடுப்பனவை நிறுத்துமாறு வங்கிக்குச் சொல்வதும் அதே பிரிவில் வருகிறது. வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். சிறைத்தண்டனை, தண்டப்பணம் இரண்டுக்கும் இடமுண்டு. 'உத்தரவாதத்துக்கு ஒரு காசோலை தாருங்கள்' என்று கேட்பவரிடம் திகதியோ தொகையோ எழுதாமல் கையொப்பமிட்டுக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அந்தத் திகதியை எழுதப்போவது நீங்களல்ல.

செய்யக்கூடியவை

ஒரு கொப்பியில் மாதத்தின் எல்லாத் திகதிகளையும் எழுதுங்கள். இடப்பக்கம் வரவு: சம்பளம், ஓய்வூதியம், நெல்லுக்கோ மீனுக்கோ வர வேண்டிய காசு. வலப்பக்கம் தவணைகளும் நீங்கள் கொடுத்த காசோலைகளும். அஸ்வெசும போன்ற கொடுப்பனவுகள் மாதந்தோறும் ஒரே நாளில் வருமென்று நம்பித் தவணைத் திகதி வைக்க வேண்டாம்.

தவணைத் திகதியை மாற்றித் தருமாறு கேளுங்கள். கடன் பெறும் வேளையிலேயே கேட்பது எளிது. வரவு வரும் நாளுக்கும் தவணைக்கும் இடையில் 3 வேலைநாட்களாவது இருக்கட்டும். பயிர்ச்செய்கைக்கான கடனென்றால் அறுவடையோடு பொருந்தும் தவணை கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

பிற்திகதியிட்ட காசோலை கொடுக்கும்போது அடிக்கட்டையில் திகதி, தொகை, யாருக்கு என்ற மூன்றையும் குறித்து, அந்தத் தொகையை அன்றே செலவான காசாகக் கொப்பியில் கழித்துவிடுங்கள். பெற்றவர் தாமதித்துப் போடக்கூடும். 6 மாதம் கடந்தால்தான் வங்கி அதைப் பழைய காசோலையெனத் திருப்பும். அதுவரை அந்தக் காசு உங்களுடையதல்ல.

நிலையியற் கட்டளையின் திகதி விடுமுறையில் விழுந்தால் முதல்நாள் கழிப்பார்களா, மறுநாள் கழிப்பார்களா என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். கிளையில் ஒருமுறை கேட்டு எழுதி வையுங்கள். கணக்கில் பணம் கூடும்போதும் குறையும்போதும் வரும் குறுஞ்செய்தி வசதியையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

காசு போதாதென்று முன்பே தெரிந்தால் காசோலை வருவதற்கு முதல்நாளே இரண்டு பேரிடம் பேசுங்கள். கிளை முகாமையாளரிடம் தற்காலிக மேலதிகப்பற்றுக் கேட்கலாம். கணக்கை ஒழுங்காக நடத்துபவருக்கு இது பெரும்பாலும் கிடைக்கும். காசோலையை வைத்திருப்பவரிடம் இரண்டு நாள் பொறுத்துப் போடுமாறு கேட்கலாம். வைப்பிலிட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. நகையை அடகு வைத்துச் சமாளிப்பதென்றால், அந்த வட்டியையும் மீட்கும் திகதியையும் அதே கொப்பியில் எழுதுங்கள். இல்லையேல் ஒரு பள்ளத்தை மூட இன்னொன்று தோண்டியதாகிவிடும்.

விளங்காத கட்டணம் அறவிடப்பட்டிருந்தால் முதலில் வங்கியிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். தீர்வில்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம்.