மடியில் கனம், வழியில் பயம்: ஆயுதம், சாலை, சாதி

1

மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம் என்பது நம் பக்கத்துச் சொலவடை. இடுப்பில் பணம் முடிந்து வைத்திருப்பவன்தான் வழிப்பறிக்குப் பயப்படவேண்டும், ஒண்ணுமில்லாதவனுக்கு என்ன பயம் என்று அது கேட்கிறது. கேட்க ஞானம் மாதிரி இருந்தாலும், பயப்படுகிற தகுதி சொத்துள்ளவனுக்கே உரியது என்கிற ஒரு சமூகவியல் இதற்குள் உட்கார்ந்திருக்கிறது. விருதுநகர், சிவகாசி வட்டாரச் சாலைகளில் இந்த இருநூறு சொச்சம் ஆண்டுகளில் யார் ஆயுதத்தோடு போனார்கள், யார் அதை மறைத்துக்கொண்டு போனார்கள், யார் வெறுங்கையோடு போனார்கள் என்று பார்த்தால் சொலவடை பாதிதான் உண்மை என்று தெரிகிறது.

காரில் போகிறவர் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போகலாமா என்பது அமெரிக்காவில் அன்றாட விவாதம். நம்மூரில் அது சினிமா சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் முதுகுச் சட்டைக்குள் சொருகிய அருவாள் நம்முடையது. கலெக்டர் ஆபீசில் கிடக்கிற ரிவால்வர் மனுவும் நம்முடையது. இரண்டுக்கும் பின்னால் ஒரே கேள்விதான்: யாருடைய பயம் பயமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது?

2

பாளையக்காரர் காலத்தில் ஆயுதத்தை யாரும் மறைக்கவில்லை. வேலும் ஈட்டியும் வளரியும் துப்பாக்கியும் வெளியே தெரியும்படி எடுத்துச்செல்லப்பட்டன. ஆயுதம் அங்கே தற்காப்புக் கருவி என்பதைக் காட்டிலும் அந்தஸ்தின் குறி. ஊருக்குக் காவல், பிரதேசத்துக்குக் காவல் என்று ஸ்தலக்காவல், தேசக்காவல் முறைகள் இருந்தன. இப்பகுதியில் பெரும்பாலும் மறவர்களிடம் இருந்த இந்த உரிமைக்குக் குடிகள் வரி கொடுத்தார்கள். களவுபோன பொருளைத் துப்புச் சொல்லி மீட்டுத்தரத் துப்புக்கூலி என்று தனியாக ஒன்று. காவலுக்குக் கூலி கொடுக்காத ஊரில் களவு நடக்கும். காப்பவனும் கவர்பவனும் ஒரே ஆளாக இருக்கமுடியும் என்பதை மறைக்காத அமைப்பு அது. நவீன அரசின் வரியும் போலீசும் இதைவிட எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது தனிக் கேள்வி.

இந்தச் சாலையில்தான் 19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் தெற்கேயிருந்து கருவாடு, கருப்பட்டி, உப்பு, புகையிலை என்று பொதிமாட்டிலும் மாட்டுவண்டியிலும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தார்கள். அவர்கள் மடியில் கனம் இருந்தது, வழியில் பயமும் இருந்தது. ஆனால் ஆயுதம் ஏந்துகிற அந்தஸ்தைச் சாதிப் படிநிலை அவர்களுக்குத் தரவில்லை. அவர்கள் கண்டுபிடித்த விடை பேட்டை. வண்டிகள் இரவில் தங்கவும் சரக்கு பத்திரமாக இருக்கவும் சுற்றுச்சுவர் வைத்த இடம். விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தன்குடி என்று ஆறு ஊர்களில் இது வேரூன்றியது. பேட்டைக்கு வருகிற சரக்கின் மேல் மகமை என்று ஒரு சிறு தொகை பிடித்தார்கள். மகமை பொது நிதியானது. உறவின்முறை அதை நிர்வகித்தது. அந்தப் பணமே பிறகு பள்ளிக்கூடமானது. 1880களில் தொடங்கிய விருதுநகர் க்ஷத்ரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசியும் எடுத்தார்கள்.

பயத்துக்கு ஒவ்வொருவனும் தன் இடுப்பில் தனியாக விடை தேடாமல், பயத்தைப் பொதுவில் வைத்துப் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாடு இது. இதை ரொம்பவும் கொண்டாடிவிடவும் வேண்டாம். பேட்டைக்கு மதில் உண்டு, மதிலுக்கு உள்ளும் புறமும் உண்டு. உள்ளே இருந்தது ஒரு சாதியின் பாதுகாப்பு. மதில் எல்லாவற்றையும் தடுத்துவிடவுமில்லை. கோவில் நுழைவை ஒட்டி முற்றிய பகையில் 1899 ஜூன் 6 அன்று சிவகாசி ஆயிரக்கணக்கானவர்களால் தாக்கப்பட்டது. வணிகத்தில் சேர்ந்த பணம் சாலையை வாங்கித் தந்தது, சந்நிதித் தெருவை வாங்கித் தரவில்லை.

3

1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பரில் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் வந்தது. கோட்டைகளை இடிக்கச் சொன்னது, ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது, மீறினால் மரணதண்டனை என்றது. தென்தமிழ்நாட்டில் ஆயுதம் மடிக்குள் போனதன் வரலாறு இங்கே தொடங்குகிறது எனலாம். பகிரங்கமான கௌரவக் குறி பகிரங்கமான குற்றமாக மாறிய கணம் இது. நியாயமான வன்முறையின் ஏகபோகத்தைத் தனக்கெனக் கோருவதுதான் நவீன அரசு என்று மாக்ஸ் வேபர் 1919இல் சொன்னார். நம் ஊரில் அந்த ஏகபோகம் ஒரு கம்பெனியின் கைக்குத்தான் முதலில் போனது என்பதை அத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காவல் உரிமையைச் சட்டம் எடுத்துவிட்டது, 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டமும் வந்தது. நடைமுறையில் பழைய காவல் வெகுகாலம் நீடித்தது. ஆனால் அதன் பெயர் மாறியது: உரிமை என்றிருந்தது குற்றம் ஆனது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டத்தின் கீழ் கள்ளர், மறவர் பிரிவுகள் பல கைரேகைப் பதிவுக்குள் கொண்டுவரப்பட்டன. அன்று சாலையைக் காத்தவனின் பேரனுக்கு அடுத்த ஊர் போக ராதாரிச் சீட்டு தேவைப்பட்டது. 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் இந்தப் பதிவை எதிர்த்தவர்கள் போலீசால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். உடலையே ஆயுதமாகப் பார்க்கிற பார்வை இது. ஃபூக்கோவைப் படித்துத்தான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்பதில்லை, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிழவரிடம் கேட்டிருந்தால் போதும்.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இன்னும் நுணுக்கமானது. உரிமம் இல்லாமல் ஆயுதம் கூடாது என்றது, ஆனால் ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னால் வந்த இந்தியத் தண்டனைச் சட்டமோ உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்திருந்தது. ஒரு சட்டம் உரிமையைக் கொடுக்க, இன்னொரு சட்டம் கருவியைப் பிடுங்கிக்கொண்டது. அந்த உரிமைக்குள்ளேயும் ஒரு முடிச்சு இருக்கிறது: அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்த முடிச்சு அப்படியே இருக்கிறது. நேரம் இருந்ததா இல்லையா என்பதைச் செத்தவன் வந்து சொல்லமுடியாது.

1927இல் ஆயுதச் சட்டத்தை எதிர்த்து மதுரையில் வாள் சத்தியாகிரகம் நடந்தது. உரிமமில்லாமல் வாளைக் கையிலேந்தித் தெருவில் போவதுதான் போராட்டம். அதை விருதுநகருக்கும் கொண்டுவந்தார் இளைஞர் காமராஜர். அகிம்சைக்காரர்கள் வாளோடு போனது முரண்பாடாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் வாளை மறைக்கவில்லை, அதால் யாரையும் வெட்டவும் போகவில்லை. 1801இல் மடிக்குள் தள்ளப்பட்ட ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமைகளில் ஒன்றாகவே சேர்த்தது. அதே காங்கிரஸ்காரர்கள் பெரும்பான்மையாக இருந்த அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்தக் கோரிக்கையை எழுப்பியபோது அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமைதான். ஆயுதம் யார் கையில் போய்ச் சேரும் என்பது அம்பேத்கருக்குத் தெரியாததா?

4

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவருக்கு உரிமம் மறுக்கக்கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. மடியில் கனமிருந்தால்தான் பயம் என்ற சொலவடையைச் சட்டம் மறுக்கிற இடம் இது. மறுக்கவேண்டிய அவசியம் ஏன் வந்தது? வழக்கம் அப்படி இருந்ததால்தானே.

நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மனுப் போடவேண்டும், போலீஸ் அறிக்கை வரவேண்டும், மாவட்ட ஆட்சியர் திருப்தியடைய வேண்டும். பெரிய தொகையோடு பயணம் போகிறேன் என்பது அதிகாரியின் காதில் உடனே விழக்கூடிய பயம். ராத்திரி ஷிப்ட் முடித்து மினிபஸ்ஸை விட்டு இறங்கி இருட்டில் நடக்கிறேன் என்பது விழாத பயம். 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களின் தற்காப்புக்கென்று ‘நிர்பீக்’ என்ற சிறிய ரிவால்வரைக் கொண்டுவந்தது. விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிற பெண்கள் எத்தனை வருடக் கூலியைச் சேர்த்தால் அதை வாங்கலாம் என்று கணக்குப் போடலாம். லைசென்ஸ் அப்புறம்.

துப்பாக்கிக்கு உயிர் கொடுத்த பழைய மருந்து வெடியுப்பு, கந்தகம், கரி. வெடியுப்பும் கந்தகமும் கரியும் இந்த வட்டாரத்தின் அன்றாடச் சொற்கள். 1920களில் சிவகாசி சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து நெருப்பை நம்பிப் பிழைக்கிற பூமி இது. இங்கே லைசென்ஸ் என்ற சொல்லுக்கு முதல் அர்த்தம் துப்பாக்கி கிடையாது. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று பட்டாசு ஆலைகளைத்தான் அப்படிப் பிரிப்பார்கள். இடுப்பில் ஒரு ரவை வைத்திருக்க ஆட்சியர் திருப்தியடைய வேண்டிய நாட்டில், மருந்து அறைக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரின் பயத்தை யார் பதிவு செய்வது? 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நாற்பது பேருக்கு நெருக்கமாகச் செத்துப்போன பிறகு அது விபத்து என்று பதிவானது. பயமாக அது எந்த ஆவணத்திலும் ஏறியதில்லை.

அருவாளுக்கு வருவோம். விவசாய, வீட்டு உபயோகத்துக்கு மட்டுமேயான கருவிகளைச் சட்டம் ஆயுதத்தில் சேர்ப்பதில்லை. கருவேலம் வெட்டுகிறவன் கையில் இருக்கும்போது அது கருவி. அதே அருவாள் சட்டைக்குள் முதுகோடு ஒட்டிக்கொண்டு பஸ் ஏறினால் ஆயுதம். இரும்பு மாறவில்லை, இருக்கிற இடம் மாறியிருக்கிறது. மறைத்தல் என்கிற செயல்தான் பொருளின் அர்த்தத்தைக் கட்டமைக்கிறது. தோளில் தெரிகிற ஆயுதம் நான் யார் என்று சொல்லும். மறைத்த ஆயுதமோ நீ யார் என்று எனக்குத் தெரியாது என்கிறது. எதிரே வருகிற ஒவ்வொருவனையும் அது சந்தேகத்துக்குரியவனாக்குகிறது. அவனும் மறைக்கத் தொடங்கிவிட்டால் சாலை முழுக்கச் சட்டைகள்தான், மனிதர்கள் இல்லை.

5

1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் வந்தது. தேவேந்திரர் சமூகத்து வீரர் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். மாவட்டம் முழுக்கக் கலவரம் மூண்டது. ஜூலையில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது. டிக்கெட் வாங்கினால் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்பதுதான் பஸ் தந்த நவீனம். பேட்டைக்கு இருந்த மதில் பஸ்ஸுக்கு இல்லை. அந்தப் பொதுமையைத் தாங்கமுடியாதவர்கள் பெயர்ப்பலகையைத் தாக்கினார்கள்.

பெயர்களோடு போகவில்லை. அதே ஆண்டு ஜூன் 30 அன்று மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐந்து பேரும் கொல்லப்பட்டார்கள். தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியில் அவர் உட்கார்ந்ததுதான் குற்றம். மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பும்போது தாக்கப்பட்டார்கள். சட்டம் சொன்னபடியே அதிகாரிகளை நாடிப் போய்விட்டு வந்தவர்கள் அவர்கள். மடியில் கனம் இல்லை. வழியில் அவர்களுக்காகக் காத்திருந்தது வழிப்பறி இல்லை. நம் சொலவடையின் மீதிப் பாதி இதுதான்: இந்தச் சாலைகளில் சிலருக்கு மடியே கனம், உடலே கனம், நாற்காலியில் உட்கார்ந்த குற்றமே கனம்.

இந்தக் கொலைக்கு இரண்டு ஆண்டுகள் முன்னாலேயே, 1995இல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு விதிகள் எழுதப்பட்டிருந்தன. மூன்றாவது விதியைப் படித்தவர்கள் குறைவு. வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளில் தேவையெனக் கருதினால் தலித் அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்யலாம், சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கைப்பற்ற வேண்டும், உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாகத் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கலாம் என்கிறது அது. இந்திய அரசு எழுதிய பிரதிகளில் இவ்வளவு வெளிப்படையானது வேறெது என்று தெரியவில்லை. வன்முறையின் ஏகபோகம் தன்னிடம் இல்லை, அது சாதியோடு பங்குபோடப்பட்டிருக்கிறது என்று அரசே ஒப்புக்கொள்கிற வாசகம் இது. தேவையெனக் கருதினால் என்ற இரண்டு சொற்களில் அந்த ஒப்புதலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்பதும் உண்மை.

6

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. 1956 ஜனவரியில் அலபாமாவின் மாண்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். மறைத்து ஆயுதம் எடுத்துச்செல்ல அனுமதி கேட்டு அவர் மனுப் போட்டார். மறுத்துவிட்டார்கள். வீட்டில் குண்டு விழுந்தும் ஒரு கறுப்பரின் பயம் பயமாகப் பதிவாகவில்லை. தனித்த காரணம் காட்டினால்தான் அனுமதி என்ற நியூயார்க் மாநிலத்தின் நூறாண்டுக்கு மேற்பட்ட நடைமுறையை 2022இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. காரணம் கேட்கிற அதிகாரி போய்விட்டார், நல்லது என்று சிலர் சொல்வார்கள். காரணம் கேட்கிற அதிகாரி இருந்தால் கிங்குக்கு மறுப்பார், இல்லாவிட்டால் கிங்கைக் கொல்ல வருகிறவனுக்கும் சேர்த்துக் கிடைக்கும். தனித்தனி இடுப்புகளில் பாதுகாப்பைத் தேடுகிற வழி இந்த முட்டுச்சந்தில்தான் போய் நிற்கிறது. கிங் பிறகு வீட்டிலும் துப்பாக்கி வேண்டாம் என்று முடிவெடுத்தார்.

மூன்றாவது விதியின்படி மேலவளவில் ஆறு பேருக்கும் ஆறு துப்பாக்கி கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர்கள் கேட்டிருந்தால் கொடுத்திருக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. சிலருக்குக் கேட்காமலே கிடைத்ததை வேறு சிலரிடம் அகிம்சை பேசி மறுப்பது நியாயமாகாது. அதற்கு அப்பால் போகவேண்டுமென்றால், ஆயுதமற்ற வணிகர்கள் ஒரு காலத்தில் மகமை பிரித்துக் கட்டிய பேட்டையைத்தான் திரும்பப் பார்க்கவேண்டும். பயத்தைப் பங்குபோட்ட அந்த ஏற்பாட்டை, மதிலை இடித்துவிட்டு, பஸ் ஏறுகிற எல்லோருக்குமாகக் கட்டமுடியுமா என்று யோசிக்கவேண்டும். மகமை கொடுத்த ஊர்கள்தான் இவை. சாதிக்கு வெளியே ஒரு காசு மகமை போட இந்த ஊர்களுக்கு இன்னும் மனசு வரவில்லை.