தூக்குகிறவன் கணக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் முப்பது வருஷமாகப் பழைய சாமான் விற்கிறேன். தேக்குத் தூண், மங்குத் தூக்கு, பர்மா அரக்குக் கூடை, கூடவே டிரங்குப் பெட்டிகள். இத்தனை பெட்டி பார்த்தவனுக்குத் தனக்கென்று ஒன்று வாங்கத் தெரியவில்லை என்று வீட்டில் சிரிக்கிறார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலுமாக நாற்பது நாள் தங்கப் போகிறேன். பாதி நாள் வியாபாரம், பாதி நாள் ஊர் சுற்றல். இஸ்திரி கலையாத சட்டையும் வேண்டும், கைலியும் வேண்டும்.

எங்கள் ஐயா 1934-ல் பினாங்குக்குக் கொண்டுபோன தகரப் பெட்டி இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது. அங்கே ஒரு லேவாதேவிக் கடைக்கு அடுத்தாளாகப் போனார். மூன்று வருஷக் கணக்கு. அது முடியும்வரை ஊர்ப்பக்கம் திரும்புகிற பேச்சே இல்லை. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அவர் எடுத்துப் போனது அந்தப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, ஒரு கூஜா. “துணி பாதி, வத்தலும் உப்புக்கண்டமும் பாதி” என்பாள் அப்பத்தா. நாற்பது நாளுக்கு நான் எழுதிய பட்டியல் ஒன்றரைப் பக்கம் போகிறது.

ஐயா சிக்கனக்காரர்தான், ஆனால் காரணம் அது மட்டுமில்லை. போய் இறங்குகிற இடம் கிட்டங்கி. பினாங்கில் பினாங்குத் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு என்று செட்டியார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. நீளக் கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் சில அடித் தரைதான் பங்கு. அதில் சாய்வு மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று. மேலே பேரேடு, உள்ளே பணமும் பத்திரமும், பின்னால் சம்மணம் போட்ட ஆள். அந்தப் பெட்டிதான் கடை. தொழில் பழக வந்த சிறுவனுக்குப் பெயரே பெட்டியடிப் பையன். ராத்திரி அதே தரையில் பாயை விரித்துப் படுக்க வேண்டும். ஊரிலிருந்து இரண்டாவது டிரங்குப் பெட்டி கொண்டுவந்தவன் அதை எங்கே வைப்பான்?

இன்னொரு காரணம் நாகப்பட்டினம். கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். ஐயா ஏறியது ரஜூலா. 1926-ல் கட்டிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். தளத்தில் மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அனுமதி வாங்கியிருந்தது. வண்டியிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து படகுக்கு, படகிலிருந்து கப்பலுக்கு என்று பெட்டி கைமாறிக்கொண்டே இருக்கும். தகரம் இலேசு. பக்கத்துக்கு ஒரு வளையம் இருப்பதால் இருவர் பிடிக்கலாம். அடி தட்டை என்பதால் சும்மாட்டின் மேல் ஒருவர் தலையிலும் நிற்கும். பெட்டியை வாங்கியது ஐயாதான். ஆனால் அது எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவன் அதைத் தூக்கியவன்.

வெள்ளைக்காரப் பெட்டிக்கும் இதே நியாயம்தான். பழைய குதிரை வண்டிக் காலத்துப் பெட்டிகளுக்கு மூடி கூன் போட்டிருக்கும், மழைத் தண்ணீர் வழிந்து ஓட. ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியாது. ரயிலும் நீராவிக் கப்பலும் வந்தபின் அடுக்கத்தான் வேண்டியிருந்தது. பாரிஸில் லூயி வித்தோன் 1858-ல் தட்டை மூடிப் பெட்டி கொண்டுவந்து பேர் வாங்கினார். கேபின் கட்டிலுக்கடியில் தள்ளுகிற குட்டைப் பெட்டி தனி ரகம். பெரியவை கப்பலின் அடித்தளத்துக்குப் போகும். அவற்றின்மேல் ‘பயணத்தில் வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டியிருக்கும். அப்படிச் சீட்டோடு என்னிடம் வந்த ஒரு பெட்டியை ஒருவர் காபி மேஜையாக்க வாங்கிப் போனார். சீட்டைச் சுரண்டிவிட்டுத் தரச் சொன்னார். மனசில்லாமல் சுரண்டினேன்.

ரங்கூனில் இருந்த அப்பத்தாவின் அண்ணன் கதை வேறு. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர்களில் அவரும் ஒருவர். வழியில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு வந்தவரிடம் கடைசியில் இருந்தது கடை இரும்புப் பெட்டியின் சாவிக்கொத்து. சாகும்வரை அரைஞாணில் தொங்கியது.

சக்கரம் வந்தது வெகு தாமதம். மனிதன் நிலாவுக்குப் போய்வந்த அடுத்த வருஷம், 1970-ல், பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கப் பெட்டி வியாபாரி அரூபா தீவிலிருந்து இரண்டு கனத்த பெட்டிகளோடு திரும்பிக்கொண்டிருந்தார். விமான நிலையத்தில் ஒருவர் கனமான இயந்திரத்தை உருளைப் பலகையில் வைத்துத் தள்ளிப் போவதைப் பார்த்தார். பெட்டிக்கு நாலு சக்கரமும் ஒரு வாரும் பூட்டினார், 1972-ல் காப்புரிமை. ஆரம்பத்தில் கடைகள் தொடவில்லை. பெட்டி இழுப்பது ஆம்பளைக்கு அழகில்லை என்ற நினைப்பு. நிமிர்த்தி, நீட்டுக் கைப்பிடி பிடித்து இழுக்கிற பெட்டி 1987-ல் ராபர்ட் பிளாத் என்ற விமானி செய்தது. சக்கரம் உலகத்துக்கு ஐயாயிரம் வருஷப் பழசு. பெட்டிக்கு அது தேவைப்படாமல் போனது, கூப்பிட்ட குரலுக்குக் கூலிக்காரர் வந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

போன தடவை நாலு சக்கரப் பெட்டி வாங்கி ஏமாந்தேன். கடையின் பளிங்குத் தரையில் ஒற்றை விரலுக்கு ஓடியது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் கடை முகப்பையொட்டிப் போகும் ஐந்தடி நடைபாதையில் வாசலுக்கு வாசல் ஒரு படி. மூன்றாவது படியில் சக்கரம் கழன்று சாக்கடைக்குள் போயிற்று. மிச்ச நாளெல்லாம் அதைத் தலையில் வைக்காத குறை.

இந்தத் தடவை இரண்டு பெரிய சக்கரம், துணி உறை, நடுத்தர அளவு. பெரியது வேண்டாம் என்றதும் வீட்டுக்காரிக்குக் கோபம். “கூடப் போனா காசு கட்டிட்டாப் போச்சு.” காசு கட்டினாலும் ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் பொதுவாக ஏற்க மாட்டார்கள் என்றேன். விமானத்துக்கு அந்தக் கனம் ஒன்றுமில்லை. கீழே குனிந்து பெட்டி ஏற்றுகிறவர்களின் முதுகுக்காக வைத்த அளவு அது.

ஐயாவின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, வெறும் பெட்டியைக் கடைத் தராசில் நிறுத்தேன். ஆறே கால் கிலோ. புதுசு நாலு. மிச்சப்பட்ட இரண்டே கால் கிலோவுக்கு வத்தல் வைக்கலாமா என்று உள்ளே பேச்சு நடக்கிறது.