வரிசையிடும் உரிமை: ஆஸ்திரேலிய செனட் தேர்தல் முறையும் 2016ஆம் ஆண்டுச் சீர்திருத்தமும்

2013 செப்டம்பர் 7 அன்று நடந்த ஆஸ்திரேலியப் பொதுத்தேர்தலில், விக்டோரியா மாநிலத்தின் ஆறாவது செனட் இடத்தை ரிக்கி மியூர் வென்றார். அவர் சார்ந்த ஆஸ்திரேலிய மோட்டார் ஆர்வலர் கட்சி பெற்ற முதல் விருப்ப வாக்குகள் 17,122. மொத்தத்தில் இது 0.51 விழுக்காடு. ஓர் இடத்தைப் பெறத் தேவைப்பட்டதோ 14.3 விழுக்காடு. அரை விழுக்காட்டு ஆதரவோடு ஒருவர் நாடாளுமன்றம் செல்லலாமா என்றே அப்போது பெரும்பாலோர் கேட்டனர். சீர்திருத்தம் கோரியவர்களின் முதன்மை ஆயுதமும் அந்த எண்தான். கேள்வி தவறான இடத்தில் வைக்கப்பட்டது என்பது என் கருத்து. வாக்குகள் கைமாறும் எந்தத் தேர்தல் முறையிலும், குறைவாகத் தொடங்கி நிறைவாக முடிப்பவர்கள் இருப்பார்கள். அதில் குற்றமில்லை. மியூருக்கு வந்து சேர்ந்த வாக்குகள் அவரிடம் செல்ல வேண்டும் என்று முடிவு செய்தது யார் என்பதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செனட்டில் 76 இடங்கள். ஆறு மாநிலங்களுக்கும் தலா 12, இரு ஆட்சிப்பகுதிகளுக்கும் தலா 2. வழக்கமான தேர்தலில் மாநில இடங்களில் பாதி, அதாவது மாநிலத்துக்கு ஆறு இடங்கள், தேர்தலைச் சந்திக்கும். செல்லுபடியான வாக்குகளில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பெறுபவர் வெற்றி பெற்றவர். அந்த அளவைத் தாண்டிய உபரி வாக்குகளும், கடைசி நிலையில் வெளியேற்றப்படுபவரின் வாக்குகளும், சீட்டில் அடுத்து எண்ணிடப்பட்டவருக்குப் போகும். இந்திய மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதும் இதே மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையில்தான். அங்கே வாக்களிப்போர் அதிகம் போனால் சில நூறு பேர், போட்டியிடுவோர் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு மாநிலத்தின் முழு மக்களும், சில வேளை நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ள சீட்டின் முன் நிற்கிறார்கள். இன்னலின் வேர் இந்த அளவு வேறுபாட்டில் இருக்கிறது.

1949க்கு முன் செனட் தேர்தல் வெற்றி பெற்றவருக்கே எல்லாம் என்ற போக்கில் நடந்தது. 1919 தேர்தலுக்குப் பின் அவையின் 36 உறுப்பினர்களில் லேபர் கட்சிக்கு ஒருவர்தான். 1946 தேர்தலுக்குப் பின் நிலை தலைகீழாகி, 36இல் 33 பேர் லேபர் கட்சியினர். மாநிலங்களின் அவை என்று அரசமைப்பு உருவாக்கிய மன்றம், எதிர்க்கட்சியே இல்லாத கூடமாகிவிட்டது. பிரதமர் சிஃப்லியின் அரசு 1948இல் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்து இதைச் சரிசெய்தது. ஆனால் பழைய முறையிலிருந்த ஒரு கட்டாயத்தை அது கைவிடவில்லை. வாக்காளர் சீட்டிலுள்ள எல்லா வேட்பாளர்களுக்கும் வரிசை எண் இட வேண்டும். ஒரு சில பிழைகளைக்கூடச் சட்டம் பொறுக்காது.

சட்டம் தவறியது இங்கேதான் என்று கருதுகிறேன். ஒரு குடிமகனுக்கு மூன்று, நான்கு கட்சிகளைப் பற்றித் திடமான கருத்து இருக்கலாம். ஒன்றிரண்டு கட்சிகள் அறவே ஆகாதவையாக இருக்கலாம். நடுவில் கிடக்கும் ஐம்பது பேரில் இருபத்தேழாவது யார், இருபத்தெட்டாவது யார் என்பதில் எவருக்கும் கருத்து இருக்க முடியாது. 1974இல் நியூ சவுத் வேல்ஸ் சீட்டில் 73 வேட்பாளர்கள் இருந்தனர்; ஒன்றிலிருந்து எழுபத்து மூன்று வரை எழுதியாக வேண்டும். வாக்களிப்பதும் கட்டாயம் என்பதால் ஒதுங்கவும் வழியில்லை. இல்லாத கருத்தைத் தண்டனை அச்சத்தோடு கேட்டால் கிடைப்பது பிழைகள்தான். 1983 தேர்தலில் செனட் வாக்குகளில் ஏறத்தாழ 10 விழுக்காடு செல்லாதவையாயின. ஒவ்வொரு பத்துச் சீட்டிலும் ஒன்று குப்பைக்குப் போனது.

கட்டாயத்தைத் தளர்த்துவதே இதற்கு நேரான மருந்து. பிரதமர் ஹாக்கின் அரசு வேறு வழியைத் தேர்ந்தது. 1984 முதல் சீட்டின் குறுக்கே ஒரு கோடு வந்தது. கோட்டுக்கு மேலே ஒரு கட்சியின் கட்டத்தில் '1' என்று எழுதினால் போதும். மீதி வரிசை முழுவதையும் அக்கட்சி தேர்தல் ஆணையத்திடம் முன்கூட்டியே அளித்த அட்டவணை நிரப்பிக்கொள்ளும். ஒரு கட்சி மூன்று அட்டவணைகள்வரை தரலாம். அப்படித் தந்தால் அதன் வாக்குகள் மூன்று பங்காகப் பிரிந்து மூன்று திசைகளில் போகும். செல்லாத வாக்குகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. காலப்போக்கில் வாக்காளர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கோட்டுக்கு மேலேயே எழுதத் தொடங்கினர். அட்டவணைகள் வாக்குச்சாவடியில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் வரிசையில் நிற்கும் ஒருவர் அத்தனை பக்கங்களையும் புரட்டிப் பார்த்து வாக்களிப்பார் என்று எதிர்பார்ப்பது நடைமுறை அறியாத எதிர்பார்ப்பு. தன் கட்சி எந்த மூன்று திசைகளில் தன் வாக்கைப் பிரித்தது என்பதை அறிந்து வாக்களித்தவர் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

இப்படி ஒரு சொத்து உருவானது. நூற்றுக்கணக்கான வரிசை இடங்கள், அவற்றை நிரப்பும் அதிகாரம், அந்த அதிகாரத்தின் உரிமையாளர் கட்சி அலுவலகம். சொத்து இருந்தால் சந்தை வரும். நியூ சவுத் வேல்ஸ் மாநில மேலவையின் 1999ஆம் ஆண்டுத் தேர்தலில் 264 பேர் போட்டியிட்டனர். மேசைவிரிப்பு என்று மக்கள் பெயரிட்ட அந்தச் சீட்டின் விளைவாக, வெளிப்புறப் பொழுதுபோக்குக் கட்சியின் மால்கம் ஜோன்ஸ் 0.2 விழுக்காட்டு வாக்கோடு வென்றார். அம்மாநிலம் உடனே விழித்துக்கொண்டு அட்டவணை முறையைக் கைவிட்டது. கூட்டாட்சி விழிக்கவில்லை. 2004இல் விக்டோரியாவில் ஃபேமிலி ஃபர்ஸ்ட் கட்சியின் ஸ்டீவ் ஃபீல்டிங், 2 விழுக்காட்டுக்கும் குறைவான முதல் விருப்பத்தோடு செனட்டுக்குச் சென்றார். அவரை அங்கே சேர்த்தவை லேபர் கட்சியின் அட்டவணை வழி வந்த வாக்குகள். சமயச் சார்புள்ள பழமைவாதக் கட்சி ஒன்றைப் பசுமைக் கட்சியான கிரீன்ஸுக்கு முன்னே வைக்கலாமா என்று லேபர் வாக்காளர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? கேட்க வேண்டிய தேவையே சட்டத்தில் இல்லை.

2013க்குள் இது ஒரு தொழில்நுட்பமாகவே முதிர்ந்திருந்தது. கிளென் ட்ரூரி என்ற தேர்தல் உத்தியாளர் சிறு கட்சிகளை ஒரு கூட்டமைப்பாகத் திரட்டி, ஒருவருக்கொருவர் அட்டவணையில் முன்னிடம் கொடுத்துப் பெரிய கட்சிகளைப் பின்னே தள்ளும் ஏற்பாட்டைச் செய்தார். கொள்கை ஒற்றுமை அங்கே தேவைப்படவில்லை. ஒவ்வொரு கட்சியும் அரை விழுக்காடு கொண்டுவந்தால், இருபது கட்சிகளின் வாக்குகள் யாரோ ஒருவரிடம் திரளும். அந்த ஒருவர் யார் என்பது வெளியேற்றப்படும் வரிசையைப் பொறுத்தது. ஆகவே கவர்ச்சியான பெயர்களோடு புதுக் கட்சிகள் பதிவாவது பெருகியது. நியூ சவுத் வேல்ஸில் 110 வேட்பாளர்கள், ஒரு மீட்டரைத் தாண்டிய அகலத்தில் சீட்டு. எழுத்துகள் அவ்வளவு சிறிதாகிவிட, வாக்குச்சாவடிகளில் உருப்பெருக்கித் தகடுகள் வைக்கப்பட்டன. முதல் பத்தியில் குலுக்கலில் இடம்பிடித்த லிபரல் டெமாக்ரட்ஸ் கட்சி ஏறத்தாழ 9.5 விழுக்காடு வாக்கு பெற்றது. லிபரல் கட்சி என்று தவறாக எண்ணிப் பலர் வாக்களித்தனர் என்ற விளக்கத்தை மறுப்பது கடினம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் அதே ஆண்டு நிகழ்ந்ததை நான் இன்னும் முதன்மையான சான்றாகக் கொள்கிறேன். எண்ணிக்கையின் ஒரு கட்டத்தில் ஷூட்டர்ஸ் அண்டு ஃபிஷர்ஸ் கட்சிக்கும் ஆஸ்திரேலியன் கிறிஸ்டியன்ஸ் கட்சிக்கும் இடையே வேறுபாடு 14 வாக்குகள். இவ்விரு கட்சிகளும் வெல்லும் நிலையில் இல்லை. ஆனால் இவற்றில் எது முதலில் வெளியேறுகிறது என்பதைப் பொறுத்து, கடைசி இரண்டு இடங்களும் முற்றிலும் வேறு இருவருக்குப் போகும். முதல் எண்ணிக்கையில் லேபரின் லூயிஸ் பிராட்டும் பால்மர் யுனைட்டட் கட்சியின் ஜென்யா வாங்கும் வென்றனர். மறு எண்ணிக்கையில் அந்த வேறுபாடு 12 வாக்குகளாகித் திசை மாறியது. கிரீன்ஸின் ஸ்காட் லட்லமும், 0.23 விழுக்காடு பெற்றிருந்த ஸ்போர்ட்ஸ் கட்சியின் வெய்ன் டிரோபுலிச்சும் வென்றனர். இடையில் 1,370 வாக்குச் சீட்டுகள் காணாமல் போயிருந்தன. உயர் நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் அத்தேர்தலைச் செல்லாது என்று அறிவித்தது. ஏப்ரல் 5 அன்று மாநிலம் முழுவதும் மறுதேர்தல் நடந்தது. சீட்டுகளைத் தொலைத்தது ஆணையத்தின் தவறு. ஆனால் பதின்மூன்று லட்சம் வாக்குகளின் தீர்ப்பு, போட்டியிலேயே இல்லாத இருவருக்கு இடையிலான ஒரு டஜன் வாக்கில் தொங்கியதற்குக் காரணம் வேறு. ஒரு கட்சியின் வாக்குகள் மனிதர்களின் விருப்பமாகப் போயிருந்தால் பல திசைகளில் சிதறிப் போயிருக்கும். அட்டவணை அவற்றை ஒரே கட்டாக ஒரே பக்கம் தள்ளியது. அதனால்தான் ஒரு சிறு சாய்வு முழு முடிவையும் புரட்டியது.

அரசமைப்பின் ஏழாம் பிரிவு, செனட் உறுப்பினர்கள் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது. அட்டவணை முறை இதற்கு முரணானது என்ற வாதத்தைத் தலைமை நீதிபதி கிப்ஸ் 1984இலேயே நிராகரித்தார். வாக்காளர் விரும்பினால் கோட்டுக்குக் கீழே எழுதலாம் என்ற அளவில் அத்தீர்ப்பு சட்டப்படி சரியே. ஆனால் எல்லாப் பெயர்களுக்கும் எண்ணிட்டால்தான் அந்த வழி திறக்கும் என்ற நிபந்தனை நீடித்தவரை, அது பெரும்பாலோருக்கு அடைபட்ட வழி. பெயரளவில் உரிமை, செயலளவில் அபராதம்.

2014 மே மாதம், நாடாளுமன்றக் கூட்டுக் குழு ஒருமனதாகச் சீர்திருத்தத்தைப் பரிந்துரைத்தது. லேபர் உறுப்பினர்களும் அதில் கையொப்பமிட்டிருந்தனர். 2016 மார்ச்சில் சட்டமுன்வரைவு செனட்டில் விவாதத்துக்கு வந்தபோது அக்கட்சியே அதை எதிர்த்து நின்றது வருத்தத்துக்குரியது. விடியவிடிய நீண்ட விவாதத்துக்குப் பின், ஆளும் லிபரல்-நேஷனல் கூட்டணி, கிரீன்ஸ், சுயேச்சை உறுப்பினர் நிக் ஸெனோஃபன் ஆகியோரின் ஆதரவோடு முன்வரைவு நிறைவேறியது. அட்டவணைகள் ஒழிந்தன. கோட்டுக்கு மேலே எழுதுவோர் குறைந்தது ஆறு கட்டங்களில், கீழே எழுதுவோர் குறைந்தது பன்னிரண்டில் எண்ணிட வேண்டும் என்பது சீட்டின் அறிவுரை. மேலே ஒரு எண்ணோ கீழே ஆறு எண்களோ மட்டும் இருந்தாலும் வாக்கு செல்லும். செனட் உறுப்பினர் பாப் டே தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் மே மாதம் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது.

சிறு கட்சிகள் துடைத்தெறியப்படும் என்று எதிர்ப்பாளர்கள் அஞ்சினர். அவை நிலையாக வெளியேறும் என்று ஆதரவாளர்களில் சிலர் மகிழ்ந்தனர். 2016 ஜூலை 2 அன்று இரு அவைகளும் ஒருசேரக் கலைக்கப்பட்ட தேர்தல் நடந்தது. மாநிலத்துக்குப் பன்னிரண்டு இடங்கள் என்பதால் தேவையான பங்கு 7.7 விழுக்காடாகச் சரிந்தது. கூட்டணிக்கு 30, லேபருக்கு 26, கிரீன்ஸுக்கு 9, ஒன் நேஷன் கட்சிக்கு 4, ஸெனோஃபன் அணிக்கு 3, மற்றோருக்கு 4. இரு பெரும் அணிகளுக்கு வெளியே இருந்தோர் 18இலிருந்து 20 ஆயினர். இடங்களின் எண்ணிக்கையைக் கொண்டு இச்சட்டத்தை எடைபோட்ட இரு தரப்பும் தவறான தராசைக் கையில் எடுத்திருந்தன. மியூர் அத்தேர்தலில் தோற்றார்; செனட்டில் அவர் நேர்மையாக உழைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய தகுதி ஒருபோதும் இங்கே வழக்கு அல்ல.

புதிய முறைக்கு எதிரான வலுவான வாதம், தீர்ந்துபோகும் வாக்குகளைப் பற்றியது. ஆறு எண்களோடு நிறுத்திய சீட்டு, அந்த ஆறு பேரும் வெளியேறினால் எண்ணிக்கையிலிருந்து விலகிவிடும். உண்மைதான். ஆனால் பழைய முறையில் அதே சீட்டு விலகாமல், வாக்காளர் கேள்விப்பட்டிராத ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. ஒருவர் தமக்குக் கருத்து இல்லாத இடத்தில் நிறுத்திக்கொள்வது அவர் எடுத்த முடிவு. அதை இழப்பாகக் கணக்கிட்டால், பிறர் அவர் பெயரில் எழுதியதை லாபமாகக் கணக்கிட வேண்டிவரும். மேலும், சீட்டுகள் மின்வருடி மூலம் பதிவாகி அத்தனை விருப்ப வரிசைகளையும் ஆணையம் வெளியிடுவதால், வாக்காளர் என்ன செய்தார் என்பதை இப்போது நேராகப் பார்க்க முடிகிறது. '1' மட்டும் எழுதி நிறுத்தியவர்கள் மிகச் சிலர். வாசலில் கட்சிகள் நீட்டிய பரிந்துரை அட்டையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியவர்கள் கூட்டாகப் பார்த்தால் சிறுபான்மையே.

டாஸ்மேனியா இதற்கு அழகான சான்று. மாநிலப் பேரவைத் தேர்தலில் ஆளுக்கு ஆள் எண்ணிட்டுப் பல தலைமுறை பழகிய மக்கள் அவர்கள். 2016இல் கால் பங்குக்கும் மேற்பட்டோர் கோட்டுக்குக் கீழே எழுதினர். லேபர் கட்சி தன் பட்டியலில் ஆறாவதாகத் தள்ளிவைத்திருந்த லிசா சிங், ஐந்தாவதாக இருந்தவரைத் தாண்டி வென்றார். பல பத்தாண்டுகளாக நிகழாத ஒன்று அது. கட்சியின் வரிசையை வாக்காளர் திருத்தி எழுத முடியும் என்பதை ஒரு முழு மாநிலம் செய்து காட்டியது.

அட்டவணை முறையின் எச்சங்களை அதற்குப் பின்னும் மாநிலங்களில் காண முடிந்தது. 2021இல் மேற்கு ஆஸ்திரேலிய மாநில மேலவைக்கு, பகலொளி நேரச் சேமிப்புக் கட்சியின் வேட்பாளர் ஒருவர் 98 முதல் விருப்ப வாக்குகளோடு தேர்வானார். அந்த ஆண்டே அம்மாநிலம் அட்டவணைகளை ஒழித்தது. விக்டோரியா 2022 தேர்தலிலும் அவற்றை வைத்திருந்தது.

கூட்டாட்சியிலும் ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது. முழு செனட்டும் கலைக்கப்பட்ட தேர்தலுக்குப் பின், ஒவ்வொரு மாநிலத்தின் பன்னிரண்டு பேரில் யாருக்கு ஆறு ஆண்டு, யாருக்கு மூன்று ஆண்டு என்பதைச் செனட்டே முடிவு செய்கிறது. ஆறு இடங்கள்தான் இருந்திருந்தால் யார் வென்றிருப்பர் என்று மறுபடி எண்ணிப் பார்க்கும் வழி தேர்தல் சட்டத்திலேயே 1984 முதல் இருக்கிறது. அதைப் பின்பற்றுவதாக 1998இலும் 2010இலும் செனட் தீர்மானம் போட்டது. 2016இல் கூட்டணியும் லேபரும் சேர்ந்து அதை விட்டுவிட்டு, எண்ணிக்கையில் யார் முதலில் அறிவிக்கப்பட்டாரோ அவருக்கு நீண்ட காலம் என்ற பழைய வழிக்குத் திரும்பின. அதனால் செனட் உறுப்பினர்கள் டெரின் ஹின்ச்சும் லீ ரியானனும் ஆறு ஆண்டுக்குப் பதிலாக மூன்று ஆண்டு பெற்றனர். பதவிக்காலத்தைப் பிரிக்கும் உரிமையை அரசமைப்பின் பதின்மூன்றாம் பிரிவு செனட்டுக்கே தந்திருப்பதால், சாதாரணச் சட்டத்தால் அதைப் பறிக்க இயலாது. ஆனால் அடுத்த கலைப்பு வருமுன், யாருக்கு லாபம் என்று எவருக்கும் தெரியாத ஒரு வேளையில், மறு எண்ணும் வழியையே பின்பற்றுவதாக அவை தன் நிலையாணைகளில் எழுதிக்கொள்ளலாம். 2016இன் சீர்திருத்தத்தை ஆதரித்து வாக்களித்தவர்களிடமிருந்து அதைக் கேட்பது நியாயமான கோரிக்கை.